ஸ்லைடு காலி இல்லை

ஜூன் 3, ஞாயிறு

பெயிண்ட் கடைக்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி இத்தனை நாள் மிக்ஸிக்கு அடியில் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்தேன். இனி எனக்கு இதைவிட முக்கியமான வேலை இல்லை.

நேற்று மதுரையில் டாக்டர் சொன்னது: இதயத்துக்குப் போகும் குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு. 27-ம் தேதி நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அவர் என் மகள் சுபத்ராவைவிடச் சின்னவராக இருப்பார். சீட்டின் பின்பக்கம் இதயத்தை வரைந்து காட்டினார். கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அதுவரை மாடி ஏறக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, கோபப்படக்கூடாது. முதல் இரண்டையும் என்னிடம் சொன்னார். மூன்றாவதை என் மனைவி செண்பகத்தைப் பார்த்துச் சொன்னார். அவள், "அதுக்கு மருந்து இருந்தா முதல்ல எழுதிக் குடுங்க டாக்டர்" என்றாள்.

எனக்குப் பயமில்லை. ரயில்வேயில் சிக்னல் பார்த்தவன். எதிரே ரெண்டு வண்டி ஒரே தண்டவாளத்தில் வந்தாலும் பதறாதே என்று சொல்லிக்கொடுத்த வேலை அது.

ஜூன் 5, செவ்வாய்

தென்காசியிலிருந்து பார்சல் வந்தது. மைத்துனர் கோமதிநாயகம் பழைய வீட்டை விற்றுவிட்டார். மாமனாருடைய சாமான்களில் தங்கைக்குச் சேர வேண்டியதை லாரி செட்டில் போட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு பித்தளை அண்டா, ஒரு தலையணை உறை நிறையப் புளியங்கொட்டை (எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை), ஒரு மரப்பெட்டி.

கட்டிலில் படுத்தபடியே, "பெட்டியில் என்ன?" என்று கேட்டேன். "அப்பா கேமரா" என்றாள் செண்பகம். மாமனார் தென்காசியில் சாரல் ஸ்டூடியோ வைத்திருந்தவர்.

"நல்லதாப் போச்சு. அது ஓடுச்சுன்னா ஆபரேஷனுக்கு முன்னாடி என்னைத் தனியா ஒரு படம் எடுத்துருவோம்" என்றேன்.

பெட்டியைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பீரோவைத் திறந்து மூடும் சத்தமும் கேட்டது. பிறகுதான் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அழகென்றால் அப்படி ஓர் அழகு. தேக்கும் பித்தளையும். துருத்தி இன்னும் கிழியவில்லை. பின்பக்கம் தேய்த்த கண்ணாடி. அதில் எங்கள் முருங்கை மரம் தலைகீழாகத் தெரிந்ததைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைப்பே மறந்துவிட்டது.

ஒரே ஒரு குறை. பிலிமை வைக்கிற ஸ்லைடுகளைக் காணோம். "வரலை போல" என்றாள் செண்பகம்.

ஜூன் 6, புதன்

யாராவது பின்னால் இதைப் படித்தால் புரிவதற்காக எழுதி வைக்கிறேன். ஸ்லைடு என்பது ஒல்லியான மரப்பெட்டி. இருட்டறையில் அதற்குள் பிலிமைப் போட்டு மூட வேண்டும். கண்ணாடியில் படத்தைத் தெளிவாக்கிய பின், அந்தக் கண்ணாடி இருந்த இடத்தில் ஸ்லைடைச் செருகி, மூடியை உருவி, லென்ஸைத் திறந்து மூடினால் படம் விழும். அது இல்லாவிட்டால் இந்தக் கேமரா வெறும் தேக்குச் சாமான்.

பெட்டியில் ஸ்லைடு நிற்பதற்காக மூன்று பள்ளம் இருக்கிறது. பெட்டி முழுக்க விரல் கனத்துக்குத் தூசி, அந்தப் பள்ளங்கள் மட்டும் சுத்தமாக இருக்கின்றன. அந்தக் காலத்துத் தச்சு வேலை அப்படி.

கோமதிநாயகத்துக்குப் போன் போட்டேன். "ஸ்லைடா? எல்லாத்தையும் போட்டுத்தானே அத்தான்..." என்று ஆரம்பித்தார். அதற்குள் செண்பகம் போனைப் பிடுங்கி, "அண்ணே, மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" என்று கேட்டபடி கொல்லைப்பக்கம் போய்விட்டாள். அண்ணனும் தங்கையும் பேச ஆரம்பித்தால் நடுவில் நாம் நுழைய முடியுமா? திரும்பி வந்து, "அண்ணனுக்குத் தெரியலையாம்" என்றாள்.

சாயங்காலம் மெதுவாகத் தெருமுக்கு வரை நடந்தேன். அங்கே மாணிக்கவாசகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். என்னோடு ரயில்வேயில் இருந்தவர். தனிப்படம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, யாருடைய கல்யாணத்திலோ எடுத்த கூட்டத்துப் படத்திலிருந்து வெட்டிப் போட்டிருக்கிறார்கள். தோளில் யாரோ ஒருவருடைய கை. மோதிரத்தோடு. முப்பது வருஷம் ஒரு குறை சொல்ல விடாமல் வேலை பார்த்த மனிதர், வாயில் பாதி ஜாங்கிரியோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சும்மா எழுதினேன்.

ஜூன் 8, வெள்ளி

கத்தரிக்காய்க் கூட்டு. உப்பில்லை. டாக்டர் வரைந்த படத்தையே சாப்பிட்ட மாதிரி இருந்தது.

ஜூன் 10, ஞாயிறு

எட்வின் வந்தான். எக்ஸ்ரே எடுக்கிற பையன் என்று எல்லோரும் சொல்கிறோம், பையனுக்கு நாற்பது வயது. எங்கள் தெருவில் குடியிருக்கிறான், ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கேமராவைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பிலிமுக்குக் கவலைப்படாதீங்க அண்ணாச்சி. எக்ஸ்ரே பிலிமை இந்த அளவுக்கு வெட்டிப் போட்டாலே படம் விழும். எங்க இருட்டறையில கழுவித் தந்துருதேன். ஸ்லைடுக்கு மட்டும் வழி பண்ணுங்க."

அவனே தன் போனில் தேடி, கல்கத்தாவில் ஒருவர் விற்கிற பழைய ஸ்லைடு ஒன்றுக்கு ஆர்டர் போட்டான். மதுரையில் அவனுக்குத் தெரிந்த போட்டோகிராபரிடமும் ஒன்று இருக்கிறதாம், பஸ்ஸில் கொடுத்து விடச் சொல்லியிருக்கிறான்.

செண்பகம் காப்பியை வைத்துவிட்டு, "எதுக்கு எட்வின் இவ்வளவு பாடு? போன்லயே எடுத்தாப் போகுது" என்றாள். போனிலும் எடுக்க விடமாட்டேன் என்கிறாள், அது வேறு விஷயம். நேற்று சுபத்ரா வீடியோ காலில், "அப்பா, அப்படியே இருங்க, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கிடுதேன்" என்றபோது இவள் குறுக்கே முறத்தை நீட்டி, புடைத்த உளுந்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கென்று இருக்கிற தனிப்படம் ஆதார் அட்டையில் இருப்பது ஒன்றுதான். அதைப் பார்த்தால் போலீசில் ஒப்படைத்துவிடுவார்கள்.

ஜூன் 14, வியாழன்

கல்கத்தா ஸ்லைடு வந்தது. சின்னது. கேமரா வாயில் போட்டால் உள்ளே விழுந்துவிடுகிறது.

மதுரை ஸ்லைடும் மத்தியானம் வந்தது. பெரியது. கால் அங்குலம் வெளியே நிற்கிறது.

சின்னது அமெரிக்க அளவாம், பெரியதும் அமெரிக்க அளவாம். மாமனார் கேமரா இங்கிலாந்து அளவு. இரண்டு தேசமும் ஒரு வார்த்தை பேசி வைத்துக்கொண்டிருக்கலாம். இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 27 வருவதற்குள் எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான் என்று நினைத்தபோது, சிறுபிள்ளை மாதிரி அழுகை வரப் பார்த்தது. மாத்திரையின் வேலையாக இருக்கும்.

செண்பகத்துக்கு மட்டும் இன்றைக்கு ஒரே குஷி. கேட்காமலே உளுந்தவடை சுட்டாள், எனக்கு ஒன்றே ஒன்று என்ற கண்டிப்போடு.

ஜூன் 15, வெள்ளி

மூக்காண்டியை வரச் சொன்னேன். எங்கள் வீட்டு ஜன்னல், கதவு எல்லாம் அவர் செய்தவைதான். கேமராவின் பின்புறத்தை அளந்துவிட்டு, "இது என்ன அண்ணாச்சி பெரிய வித்தை, ஒரு அஞ்சறைப்பெட்டி செய்யுத வேலைகூட இல்லை" என்றார். மூக்காண்டியிடம் ராக்கெட் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். கல்கத்தா ஸ்லைடை மாதிரிக்கு எடுத்துப் போயிருக்கிறார்.

"வெளிச்சம் ஒரு இழைகூட உள்ள போகக் கூடாதுவே" என்றேன்.

"என் கை வேலையில தண்ணியே போகாது. வெளிச்சமா போயிரும்?"

ஜூன் 19, செவ்வாய்

ஸ்லைடு வந்துவிட்டது! பழைய தேக்கு, உள்ளே கறுப்பு வெல்வெட். கேமராவில் கச்சிதமாக உட்காருகிறது. எட்வின் பிலிம் போட்டுக் கொண்டுவந்தான். முதலில் சோதனைக்காக முருங்கை மரத்தடியில் நாற்காலியைப் போட்டு, அதைக் கண்ணாடியில் ஊசி முனையாகத் தெளிவாக்கி எடுத்தோம்.

சாயங்காலம் கழுவிக் கொண்டுவந்தான். நாற்காலி கலங்கிப்போய் இருக்கிறது. ஆனால் அதற்கு மூன்று எட்டுப் பின்னால் கொடியில் காய்ந்த என் வேட்டியின் கரை ஒவ்வொரு நூலாகத் தெரிகிறது. இதே மாதிரி என்னை எடுத்தால் ஆள் போய் வேட்டி மட்டும் மிஞ்சும்.

ஜூன் 20, புதன்

காலையிலிருந்து நானும் மூக்காண்டியும் நாற்காலி கலங்கியதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தோம். லென்ஸா, துருத்தியா, கண்ணாடியா? செண்பகம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் போட்ட சத்தம் தாங்காமல்தான் இருக்க வேண்டும், தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"தகடு ரொம்ப மேல உக்காந்திருக்கு. அதுல இன்னும் ஒரு நூல் உள்ள இறங்கி இருக்கும்."

மூக்காண்டி அளந்து பார்த்தார். கேமராவில் கண்ணாடி இருக்கிற ஆழத்துக்கும் ஸ்லைடில் பிலிம் இருக்கிற ஆழத்துக்கும் சரியாக ஒரு நூல் வித்தியாசம். தச்சர் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"எதுல இறங்கி இருக்கும் மதினி?" என்று கேட்டார் மூக்காண்டி.

செண்பகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது... சின்னப் பிள்ளையில பாத்தது" என்று சொல்லிவிட்டுக் கீரையோடு உள்ளே போய்விட்டாள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நூல் கணக்கு இவளுக்கு நினைவிருக்கிறது. போன வாரம் என் கண்ணாடியை எங்கே வைத்தாள் என்பது நினைவில்லை.

ஜூன் 22, வெள்ளி

சரிசெய்த ஸ்லைடில் மறுபடியும் நாற்காலியை எடுத்தோம். பிரம்பின் ஒவ்வொரு பின்னலும் தெரிகிறது. எட்வின் துள்ளிக் குதித்தான். எனக்கும் குதிக்க ஆசை, அனுமதியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை என்னை எடுப்பது என்று முடிவு. வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடக் கொடுத்திருக்கிறேன். செண்பகம் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்கிறாள். சீரகத் தண்ணீர் வைத்துக் குடி என்றேன். ஒரு பார்வை பார்த்தாள்.

ஜூன் 24, ஞாயிறு

கோபப்படக்கூடாது என்றார் டாக்டர். பட்டேன்.

எட்டு மணிக்கு எட்வின் பிலிம் போட்ட ஸ்லைடோடு வந்தான். இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். "வெயில் பட்டுரக் கூடாது, நான் உள்ள வைக்கேன்" என்று செண்பகமே அக்கறையாக ஸ்லைடை வாங்கிக்கொண்டு போனாள். சாப்பிட்டு முடித்து, திருநீறு பூசி, தலையை வாரி, முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். எட்வின் லென்ஸைத் திறந்து மூன்று எண்ணி மூடினான். அந்த மூன்று எண்ணிக்கையில் என்னென்னவோ நினைத்தேன். அதையெல்லாம் எழுதப் போவதில்லை.

மத்தியானம் எட்வின் ஒரு கறுப்புத் தகட்டோடு வந்து நின்றான். படமே இல்லை. முழுக்கக் கறுப்பு.

"ஸ்லைடு ஒழுகியிருக்கு" என்றேன்.

"ஒழுகினா ஒரு ஓரந்தான் கருக்கும் அண்ணாச்சி. இது முழுசும் கருத்திருக்கு. மூடியை உருவி வெயில்ல வச்ச மாதிரில்லா இருக்கு."

நான் அதைக் காதில் வாங்கவில்லை. மூக்காண்டிக்குப் போன் போட்டு, தண்ணியே போகாது என்றீரே, இது தச்சு வேலையா சல்லடையா என்று கத்தினேன். அவர் பதிலுக்கு, "என் வேலையில ஒழுகல்னு இதுவரைக்கும் ஒரு நாக்கு சொன்னதில்லை" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். அவருக்கும் எனக்கும் இருபது வருஷப் பழக்கம்.

நாளைக் காலை மதுரைக்குக் கிளம்புகிறோம். ஸ்கேன் சென்டர் பூட்டியாயிற்று. இனிமேல் நேரமில்லை.

செண்பகம் என் நெஞ்சைத் தடவிவிட்டாள். "கோபப்படாதீங்க. வந்து எடுத்துக்கிடலாம்" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கோபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் போலிருக்கிறது.

ஜூன் 25, திங்கள்

மதுரை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சுபத்ரா ஓசூரிலிருந்து நேராக வந்துவிட்டாள். செண்பகம் இரண்டு பை கொண்டு வந்திருக்கிறாள். ஒன்றில் துணிமணி, பிளாஸ்க். இன்னொன்று மஞ்சள் பை. அதை மடியை விட்டு இறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் வைக்கிறேன் என்று நர்ஸ் கை நீட்டியதற்கு, "வேண்டாம்மா, சாமி சாமான்" என்றாள்.

ஜூன் 26, செவ்வாய்

நெஞ்சுமுடியைச் சவரம் செய்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். யாரோ மாதிரி இருக்கிறேன்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை. எனக்கு ஒரு நல்ல படம் இருந்திருந்தால் கொஞ்சம் குறைவாகப் பயந்திருப்பேன். பிளெக்ஸுக்காக இல்லை. பிளெக்ஸுக்காகவும்தான். இவள் தினமும் காலையில் பார்க்கப்போகிற முகம் ஆதார் முகமாக இருக்கக்கூடாது.

ஜூலை 1, ஞாயிறு

இருக்கிறேன்.

ஜூலை 2, திங்கள்

எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. ஆனால் இதை எழுதியே ஆக வேண்டும்.

இன்று காலை வார்டுக்கு மாற்றினார்கள். டாக்டர் வந்து, எல்லாம் நன்றாக முடிந்தது, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், விட மனமில்லை. சுபத்ரா காப்பி வாங்கக் கீழே போனாள். செண்பகம் டாக்டர் போகிற வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மஞ்சள் பைக்குள் கையை விட்டு, பழைய பனியன் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தாள். அவிழ்த்து என் கால்மாட்டில் ஒவ்வொன்றாக அடுக்கினாள்.

மூன்று ஸ்லைடு. மாமனாருடையவை. பித்தளை மூலை, கறுத்த தேக்கு.

"எங்க இருந்துச்சு?" என்றேன்.

"எங்கிட்டதான் இருந்துச்சு. ஆபரேஷன் நடக்கும்போதும் மடியிலதான் வச்சிருந்தேன்."

அதன்பின் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா ஸ்டூடியோவுக்கு, ஆபரேஷனுக்குப் போறேன், என்னைத் தனியா ஒரு படம் எடுத்துருங்கன்னு ஆளுங்க வருவாங்க. எதுக்கு எடுக்கச் சொல்லுதாங்கன்னு அப்பாவுக்குத் தெரியும். எடுக்க மாட்டாங்க. முடியாதுன்னும் முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல மாட்டாங்க. 'ஸ்லைடு காலி இல்லை, எல்லாத்துலயும் அடுத்தவங்க படம் இருக்கு. போயிட்டு வாங்க, வந்ததும் எடுத்துத் தாரேன், காசு வேண்டாம்'னு சொல்லி அனுப்பிருவாங்க. மூணு ஸ்லைடும் மேசை மேலயே கிடக்கும். நான் ஓடிப்போய்த் தாவணி முந்தியைப் போட்டு மூடுவேன்."

"எல்லாரும் திரும்பி வந்தாங்களா?"

"வந்தவங்க வந்தாங்க. வராதவங்க வீட்டுல ஒருத்தர்கூட எங்கப்பா எடுத்த படத்துக்கு மாலை போடலை."

அவளிடம் ஒரு ஸ்லைடை எடுத்துத் தரச் சொல்லி, அதன் மூடியைத் தடவிப் பார்த்தேன்.

"அந்தக் கறுப்புத் தகடு?"

"நான்தான். நீங்க இட்லி திங்கும்போது அடுப்படி ஜன்னல்ல வச்சு மூடியை உருவிட்டேன். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? அந்தத் தச்சன் பாவி அவ்வளவு கச்சிதமாச் செஞ்சு கொண்டாந்துட்டானே!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்ல? சொல்லணும்னு வாயைத் திறந்தா அந்த வார்த்தைதான முதல்ல வரும். நான் அதை வாயால சொல்லவா?"

நான் அழுதேன். அழுதால் தையல் வலிக்கும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை. அவளும் அழுதாள். பிறகு நான், "அப்போ அந்த ஒரு நூல்?" என்று கேட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "அன்னைக்கு என் வாயில நானே சூடு போட்டுக்கிட்டிருக்கணும்" என்றாள். சிரித்தாலும் தையல் வலிக்கிறது. காப்பியோடு வந்த சுபத்ரா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிட ஓடினாள்.

ஜூலை 6, வெள்ளி

வீடு. முருங்கை பூத்திருக்கிறது. சாரல் காற்று அடிக்கிறது. ரசத்தில் கொஞ்சம் உப்பு இருந்தது.

ஜூலை 15, ஞாயிறு

தெருமுக்கு வரை நடந்தேன். பிளெக்ஸில் மாணிக்கவாசகத்தை எடுத்துவிட்டு ஒரு காதுகுத்து விழாவைப் போட்டிருக்கிறார்கள்.

மூக்காண்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போன் போட்டேன், எடுக்கவில்லை. ரோஷக்காரர்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

இன்று படம் எடுத்தோம்.

மாமனாருடைய ஸ்லைடு கேமராவில் இறங்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. ரயில் தடம் மாறுகிற பாயின்ட் சரியாக விழுந்து பூட்டிக்கொண்டால் சிக்னல் கேபின் லீவரில் வருமே, அந்தச் சத்தம். முப்பது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் வண்டியை விட்டிருக்கிறேன். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

அந்தக் காலத்தில் இவற்றில் கண்ணாடித் தகடு போடுவார்களாம். பிலிம் ஒல்லி என்பதால் அதற்குப் பின்னால் ஒரு தகரத்தைச் சேர்த்து வைத்தாள் செண்பகம். தகரம் அதே பனியன் துணிக்குள் பத்திரமாக இருந்தது. எட்வினை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவளே கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். உள்ளேயிருந்தபடியே அதிகாரம் செய்தாள்.

"நாடியைக் கொஞ்சம் இறக்குங்க. ரொம்ப இறக்காதீங்க. தோளை ஏன் தூக்கிக்கிட்டு இருக்கீங்க, யாரு வந்து அடிக்கப் போறா?"

"சட்டைப் பித்தான் போடட்டுமா? தழும்பு தெரியுது."

"தெரியட்டும்" என்றாள்.

வெளியே வந்து மூடியை உருவினாள். லென்ஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கல்யாணம் ஆன புதிதில் கூட அப்படிப் பார்த்ததில்லை. "மூச்சை விட்டுட்டு இருங்க" என்று சொல்லித் தொப்பியை எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூடினாள்.

சாயங்காலம் எட்வின் தகட்டைக் கழுவி, எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியில் வைத்துப் போனில் எடுத்து கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் திருப்பிக் காட்டினான். நான்தான். நரைத்த புருவம், மூக்கின் மேல் கண்ணாடி அழுத்திய குழி, பித்தான் போடாத சட்டையில் தழும்பின் நுனி. இந்த ஆளைப் போலீசில் ஒப்படைக்க மாட்டார்கள்.

போன வாரம் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயும் இதே பிலிம்தான். இரண்டையும் ஜன்னலில் சேர்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் செண்பகம்.

ஆகஸ்ட் 14, செவ்வாய்

படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு எட்வின் கொண்டுவந்தான். சுவரில் ஆணி அடிக்கட்டுமா என்றேன். "ஆணி பக்கமே போகக் கூடாது" என்று பிரிட்ஜ் மேல் சாய்த்து வைத்துவிட்டாள். பக்கத்தில் ஊறுகாய் பாட்டில்.

பத்து மணிக்கு மூக்காண்டி தானாகவே வந்தார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. முதல் வார்த்தையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பழசை விடுங்க அண்ணாச்சி. நீங்க நல்லபடியா எந்திரிச்சு வந்தீங்கள்லா, அது போதும். எனக்கு ஒரு உதவி வேணும்." பிரிட்ஜ் மேல் இருந்த படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எனக்குக் குடலிறக்கம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி இதே மாதிரி என்னைத் தனியா ஒரு படம் எடுத்துத் தாங்க. எனக்குன்னு ஒரு படம் கிடையாது."

மூன்று ஸ்லைடும் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் மேசை மேல் கிடந்தன. கொடியிலிருந்து துணி எடுத்து வந்த செண்பகம், நடையை நிறுத்தாமலே ஈரம் காயாத துண்டை அவற்றின் மேல் போட்டுவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

"ஸ்லைடு காலி இல்லைவே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "எல்லாத்துலயும் அடுத்தவங்க படம் இருக்கு. நீரு போயிட்டு வாரும். வந்த அன்னைக்கே எடுத்துத் தாரேன். காசு வேண்டாம்."

"ஏன், நான் செஞ்ச ஸ்லைடு என்ன ஆச்சு? அது சும்மாதான கிடக்கு?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"அது ஒழுகுதுல்லா" என்றேன்.

மூக்காண்டியின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து நின்றார். "இன்னமும் அதையே சொல்லுதீங்களா? ஒழுகுதா? என் வேலையா? ஆபரேஷன் முடியட்டும். வந்து உங்க கண்ணு முன்னாடி அதுல தண்ணி ஊத்திக் காட்டுதேன். ஒரு சொட்டு சிந்தினா என் பேரை மாத்திக்கிடுதேன்!"

"வாரும். வந்து காட்டும். காத்துக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

செருப்பைக் கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போனார். தெருமுனை வரை தனக்குத்தானே பேசிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இவ்வளவு கோபத்தோடு போகிற மனிதர் எப்படியும் வந்து சேருவார். மன்னிப்பை அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

எட்வினுக்குப் போன் போட்டு, மூக்காண்டிக்காக ஒரு பிலிம் வெட்டி வைக்கச் சொன்னேன்.